பூட்டை உடைக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். வாடகை பாக்கி வைத்துவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடும் குடித்தனக்காரர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வீட்டுக்காரர்களின் வயிற்றெரிச்சலை அப்படியே எழுதியிருந்தார் கட்டுரையாளர். ஆனால் மூன்று நாள் பார்த்துவிட்டு, பூட்டை உடைத்து, சாமானை எடுத்து வெளியே வைத்துவிட்டு வேறு ஆளைக் குடிவையுங்கள் என்று அவர் யோசனை சொன்ன இடத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதை நம்பி யாராவது செய்தால், பாக்கி வைத்தவர் எங்கோ நிம்மதியாக இருப்பார், வீட்டுக்காரர்தான் வழக்கில் நிற்பார்.

நான் பட்டதைச் சொல்கிறேன். எங்கள் மாடியில் இருந்த குடும்பம் முதல் மாதம் வாடகை தரவில்லை. "சம்பளம் தள்ளிப்போகிறது, அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்" என்றார். நல்ல மனிதராயிற்றே என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு, ஒரு வரி எழுதியாவது வாங்கியிருக்க வேண்டும். அடுத்த மாதம் 5-ஆம் தேதி போயிற்று. 9-ஆம் தேதி போன் அணைந்துகிடந்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் ஃபிரிட்ஜைக் காணோம், கட்டில் இருக்கிறது. கொடியில் ஒரு பள்ளிச் சட்டை காய்கிறது. போய்விட்டார்களா, ஊருக்குப் போயிருக்கிறார்களா? இந்த இரண்டுங்கெட்டான் நிலைதான் இதில் பெரிய தலைவலி. காலி வீடு என்றால் கவலையே இல்லை.

என் மைத்துனர் சுத்தியலோடு வந்து நின்றார். என்னிடம் மாற்றுச் சாவியே இருந்தது, இருந்தும் தொடவில்லை. காரணம் இதுதான். வாடகை தராவிட்டாலும், ஆளே இல்லாவிட்டாலும், ஒப்பந்தம் முறைப்படி முடியும்வரை அந்த வீட்டின் அனுபவ உரிமை குடியிருப்பவருக்குத்தான். அவர் போய்விட்டதால் மட்டும் ஒப்பந்தம் முடிந்துவிடாது. அவர் விட்டுக்கொடுத்தார், நான் ஏற்றுக்கொண்டேன் என்று இரண்டு பக்கமும் தெளிவாகத் தெரிய வேண்டும். சாவியைத் திருப்பித் தருவதற்கு அதனால்தான் அவ்வளவு மதிப்பு. அவசரப்பட்டுப் பூட்டை மாற்றினால் பல நாடுகளில் அதற்குச் சட்டவிரோத வெளியேற்றம் என்றே பெயர். அப்புறம் அவர் திரும்பி வந்து, "பெட்டியில் பணம் வைத்திருந்தேன், காணோம்" என்றால் நான் எதைக் காட்டுவேன்?

முதலில், ஒப்பந்தத்தில் அவசரத்துக்கென்று கொடுத்திருந்த எண்ணுக்குப் பேசினேன். ஆள் ஆஸ்பத்திரியில் கிடக்கலாம், யார் கண்டது? அங்கே இருந்தவர் "எனக்கும் தெரியாது" என்று வைத்துவிட்டார். பிறகு, பாக்கி எவ்வளவு, எந்தத் தேதிக்குள் பேச வேண்டும், பேசாவிட்டால் வீட்டைக் காலி செய்ததாகக் கருதுவேன் என்று ஒரு நோட்டீஸ் எழுதினேன். ஒன்றைக் கதவில் ஒட்டிப் படம் எடுத்துக்கொண்டேன். இன்னொன்றை அவருடைய நிரந்தர முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அது "ஆள் இல்லை" என்று திரும்பி வந்தது. உறையைப் பிரிக்காமல் அப்படியே எடுத்து வைத்தேன். பிரிக்காத உறைதான் சாட்சி என்று வக்கீல் ஒருவர் சொன்னார்.

மின்சார மீட்டரையும் குறித்து வைத்தேன். அன்றைக்கு ஒரு படம், எட்டு நாள் கழித்து ஒரு படம். எண்ணில் மாற்றமே இல்லை. ஃபிரிட்ஜும் இல்லை, விளக்கும் எரியவில்லை, வீட்டில் யாரும் புழங்கவில்லை என்பதற்கு வேறு என்ன வேண்டும்? காவல் நிலையத்துக்கும் போனேன். வாடகைப் பாக்கி சிவில் விவகாரம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கெடு தாண்டியபின் எதிர்வீட்டுக்காரர் இருவரைக் கூட்டிக்கொண்டு, வக்கீல் சொன்ன முறைப்படி திறந்தேன். நுழையும்போதே ஒருவர் செல்போனில் பதிவுசெய்ய, இன்னொருவர் ஒவ்வொரு சாமானாகச் சொல்ல, நான் எழுதினேன். அலமாரியின் மேல்தட்டில் ஒரு டம்ளர். அதற்குள் நான் கொடுத்திருந்த இரண்டு சாவிகளும் கிடந்தன. அதைப் பார்த்தபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பட்டியலில் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். மிச்சமிருந்த துணிமணி, பாத்திரம், பள்ளிக் காகிதங்கள் எல்லாம் பெட்டியில் போய்க் கீழ் அறையில் அடைந்தன. விட்டுவிட்டுப் போன சாமான் வீட்டுக்காரருக்குச் சொந்தமாகிவிடாது. எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும், அதை மட்டும் உள்ளூர் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, பணம்? 3 மாத அட்வான்ஸ் என்னிடம் இருந்தது. பாக்கி 2 மாதம், ஒப்பந்தப்படி முன்னறிவிப்புக்கு 1 மாதம். கணக்கு நேராகிவிட்டது. பெயின்ட் செலவு என் தலையில் விழுந்தது, போகட்டும். அட்வான்ஸில் கழித்த ஒவ்வொரு தொகையையும் எழுதி அவர் முகவரிக்கு அனுப்பினேன். கழிப்பதற்கு உரிமை இருக்கிறது, கணக்குக் காட்டாமல் வைத்துக்கொள்ள உரிமையில்லை. இன்னொன்று, மீதி ஒப்பந்தக் காலத்துக்கெல்லாம் வாடகை கேட்டு வழக்குப் போடலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். அடுத்த ஆள் வந்து வாடகை கொடுக்கத் தொடங்கிய மாதத்துக்கும் சேர்த்துப் பழையவரிடம் வாங்க முடியாது. வேறு ஆளைத் தேட நியாயமான முயற்சி எடுத்தீர்களா என்றும் பல நாடுகளில் நீதிமன்றம் கேட்கும்.

வீடு பூட்டிக் கிடக்கும்போது காப்பீட்டு பாலிசியையும் எடுத்துப் பாருங்கள். தொடர்ந்து 30 அல்லது 60 நாள் காலியாக இருந்தால் சில இழப்புகளுக்குப் பணம் கிடையாது என்று பல பாலிசிகளில் இருக்கிறது. குழாய் உடைந்து சுவர் ஊறியபிறகு அதைப் படித்து என்ன செய்வது?

ஓடிப்போனவரின் படத்தையும் அடையாள அட்டையையும் வாட்ஸ்அப்பில் போடச் சொல்லியிருக்கிறாரே கட்டுரையாளர், அது இன்னும் மோசம். வாடகைக்காகக் கொடுத்த காகிதத்தை ஊருக்குக் காட்ட நமக்கு யார் அனுமதி தந்தது? அவதூறு வழக்கு தேடி வரும்.

ஏழு மாதம் கழித்து ஒரு பையன் வந்தான், அந்தப் பள்ளிச் சட்டைக்குச் சொந்தக்காரன். பெட்டியைக் கேட்டான். பட்டியலைக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தேன். அப்பா எங்கே என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

கட்டுரையின் மற்ற பகுதிகள் இருக்கட்டும். அந்த மூன்று நாள் கணக்கையும் பூட்டு உடைக்கும் யோசனையையும் மட்டுமாவது அடுத்த இதழில் திருத்தி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
மாடியை வாடகைக்கு விட்டிருக்கும் ஒரு வாசகி