மழைக்கு முன்னால் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராமச் சாலைகளுக்கு இத்தனை கோடி ஒதுக்கீடு என்று செய்தி வரும்போதெல்லாம் நான் அதில் தேடுவது ஒரே ஒரு வரிதான்: பராமரிப்புக்கு எவ்வளவு? பெரும்பாலும் அந்த வரி இருக்காது. வட மாவட்டம் ஒன்றில் ஊராட்சி ஒன்றிய ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது மேடவாக்கத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். வேலை போனாலும் ரோட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டே நடக்கிற பழக்கம் போகவில்லை.

இந்தப் பக்கம் அடுக்குமாடிகளைப் பார்த்துவிட்டு எல்லாரும் இதைச் சென்னை என்றே நினைப்பார்கள். ஆனால் 2011-ல் மாநகராட்சி 200 வார்டுகளாக விரிந்தபோதும், 2021-ல் தாம்பரம் மாநகராட்சி வந்தபோதும் சுற்றிலும் எத்தனையோ ஊர்கள் கிராம ஊராட்சிகளாகவே நின்றுவிட்டன. அப்படி ஓர் ஊராட்சியில் (பேர் வேண்டாம், அங்கே இருப்பவர்களும் என்னைப்போல மேலும் கீழும் பதில் சொல்லிக் களைத்தவர்கள்தான்) ஒரு தெருவின் குறுக்கே சின்னதாக ஒரு குழாய்ப் பாலம் இருக்கிறது. மேற்கேயிருந்து வரும் மழைத்தண்ணீர் அதன் வழியாகத்தான் ஏரி வாய்க்காலுக்குப் போக வேண்டும். குழாயின் வாயில் மண்ணும், வீடு இடித்த கல்லும், பிளாஸ்டிக்கும் அடைத்துக் கிடக்கின்றன. ஐப்பசியில் நாலு நாள் மழை பிடித்தால் தண்ணீர் ரோட்டின் மேலேறிக் கடக்கும். தை மாதம் போய்ப் பாருங்கள், சரியாக அந்த இடத்தில் தார் பெயர்ந்து ஜல்லி சிதறிக் கிடக்கும்.

இதற்கு என்ன வேண்டும்? ஜேசிபி அரை நாள், இரண்டு ஹியூம் பைப் (சிமெண்ட் குழாய்), வாய்ப்பக்கம் ஒரு தடுப்புச் சுவர், நாலு ஆள். ஆனால் வந்ததோ தெரு முழுவதற்கும் புதுத் தார். அதுவும் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும், வீடுகளுக்குள் தண்ணீர் போகும்படி சாலை உயரக்கூடாது என்று அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு 2021 மே மாதத்திலேயே அறிவுறுத்தியிருந்தார். இங்கே இப்போது வாசற்படிகள் ரோட்டுக்குக் கீழே போய்விட்டன. பாலத்தை யாரும் தொடவில்லை.

லாரி போய்த்தான் ரோடு கெடுகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். கிராமத்து ரோட்டுக்கு எமன் தண்ணீர்தான். ரோட்டின் நடுவில் லேசான மேடு, இரு ஓரமும் சரிவு, அதையடுத்து ரோட்டைவிடத் தாழ்ந்த மண் ஓரம், அப்புறம் வாய்க்கால்: இவ்வளவும் ஒழுங்காக இருந்தால் பெய்த மழை தானே வடிந்துவிடும். ஆனால் ஓரத்து மண் வருடா வருடம் ஏறி ரோட்டைவிட உயர்ந்துவிடுகிறது. வடிய வழியில்லாத தண்ணீர் பக்கவாட்டில் ஜல்லிக்குள் இறங்கி அடித்தளத்தை ஊறவைக்கிறது. அதன் மேல் ஒரு டிராக்டர் போனால் போதும், குழிதான். போதாக்குறைக்குக் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிவிட்டு வெறும் மண்ணைத் தள்ளி மூடுகிறார்கள். ஓர மண்ணைச் செதுக்குவதும் வாய்க்காலைத் தூர்வாருவதும் மண்வெட்டி வேலை. அதற்குத் திறப்பு விழா கிடையாது, கல்வெட்டும் கிடையாது.

திட்டங்களே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2006-ல் வந்த அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு 20 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். மூன்று குக்கிராமம் உள்ள ஊராட்சிக்கும் அதே தொகை, முப்பது உள்ளதற்கும் அதே தொகை. 2011-ல் அதற்குப் பதிலாக தாய் என்ற கிராமக் குடியிருப்பு மேம்பாட்டுத் திட்டம் வந்தபோது குக்கிராமத்தைக் கணக்கில் எடுத்தார்கள், அது நல்ல திருத்தம். 2023 ஜனவரியில் முதல்வரின் கிராம சாலைகள் மேம்பாட்டுத் திட்டத்தை அறிவித்தார்கள்: இரண்டு ஆண்டுகளில் 10,000 கிலோமீட்டர், 4,000 கோடி. வகுத்துப் பார்த்தால் கிலோமீட்டருக்கு சராசரி 40 லட்சம். வேண்டிய வேலைதான். ஆனால் அடைத்துக் கிடக்கும் ஒரு குழாய்ப் பாலம் இந்த மாதிரித் திட்டம் எதிலும் தனி வேலையாக ஏறாது. எஸ்டிமேட்டில் ஏற வேண்டுமானால் அதை ஒரு முழு ரோட்டோடு கட்டித்தான் அனுப்ப வேண்டும்.

சரி, ஊராட்சி தன் கைக்காசில் செய்யலாமே என்று கேட்கலாம். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் பிரிகிறது. அதில் ஊராட்சிக்கு வரும் பங்கு தெருவிளக்கு, மோட்டார் கரண்ட் பில்லுக்கும் துப்புரவு, டேங்க் ஆபரேட்டர் சம்பளத்துக்குமே சரியாகப் போகும். 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்குச் சொன்ன மத்திய மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போட்டது. மீதி 40-க்குள்தான் ரோடும் மற்ற எல்லாமும். அந்த மானியமும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருந்தால்தான் வரும். 2016 அக்டோபரிலிருந்து 2019 டிசம்பர் வரை ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடக்காமல் மத்திய மானியம் நின்றுபோனதை நாம் பார்த்தோம். அந்த மூன்று வருடத்தில் தூர்ந்த வாய்க்கால்களை யார் கணக்கில் எழுதுவது? 2019-ல் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இடத்தில் மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள்.

நமக்கு நாமே திட்டம் இருக்கிறது, அதில் வேலைக்கு ஆகும் செலவில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட வேண்டும். எங்கள் அடுக்குமாடிச் சங்கம் போட்டுவிடும். கரும்பு வெட்டப் போகிறவர்கள் குடியிருக்கும் தெரு எங்கே போய்ப் போடும்?

ஆகவே என் கோரிக்கை சின்னது. ஊராட்சிக்குப் போகும் மாநில மானியத்தோடு, பராமரிப்புக்கென்று ஒரு தொகையைத் தனியாகக் கொடுங்கள். அதைப் புதுச் சாலைக்கோ பேவர் பிளாக்குக்கோ மாற்ற முடியாதபடி அரசாணை போடுங்கள். பாலம், வாய்க்கால், ஓர மண், குழி இவற்றுக்கு மட்டும் அது செலவாகட்டும். இது நடக்காத காரியம் இல்லை. பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில் ரோடு போட்ட ஒப்பந்ததாரரே 5 ஆண்டு பராமரிக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஊராட்சிச் சாலைகளுக்கும் யாராவது பொறுப்பு ஏற்கத்தானே வேண்டும்?

கூடவே இன்னொன்று. பணம் எப்போது வருகிறது என்பதைப் பாருங்கள். நான் வேலை பார்த்த காலம் முழுக்க ஜனவரிக்குப் பிறகுதான் வரும். மார்ச் 31-க்குள் பில் போட வேண்டுமே என்று எல்லா ஒன்றியத்திலும் ஒரே நேரத்தில் தார் கொதிக்கும். வடகிழக்குப் பருவமழையோ அக்டோபரில். பராமரிப்புத் தொகை ஜூலைக்குள் ஊராட்சிக் கணக்கில் ஏற வேண்டும். ஆகஸ்ட் 15 கிராம சபையில் எந்தப் பாலம், எந்த வாய்க்கால் என்று பட்டியலைப் படித்துத் தீர்மானம் போடட்டும். செப்டம்பர் கடைசிக்குள் வேலை முடிந்ததா என்று அக்டோபர் 2 கிராம சபையில் ஊர் கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓவர்சியர் ஒருவர்,
மேடவாக்கம், சென்னை - 600 100.