வெளிநாட்டு முத்திரை சேர்ப்போருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கை முத்திரைகளோடு நின்றுவிடாமல் வேறு நாடுகளையும் சேர்க்க விரும்பும் மாணவர்கள் பலர், கடையில் விற்கும் கலவைப் பொதிகளில் காசைக் கொட்டுகிறார்கள். அவற்றில் 1960களின் கடைசியில் அஜ்மான், புஜைரா போன்ற வளைகுடாச் சிற்றரசுகளின் பெயரில் சேகரிப்போருக்கென்றே அச்சடித்துக் குவித்த பளபளப்பான படங்கள்தான் நிறைய. பார்க்க வடிவு, பெறுமதி சொற்பம்.

அதைவிட, உறவினரின் கடித உறைகள் வரும் ஒரு நாட்டை எடுங்கள். சுவிஸ் என்றால் முத்திரையில் 'ஹெல்வெற்றியா' என்றிருக்கும், பின்லாந்து 'சுவோமி'. நாட்டின் பெயரே இல்லாமல் அரசர் அல்லது அரசியின் தலை மட்டும் இருந்தால் அது பிரித்தானியா. நோர்வேயின் தபால் கொம்பு (அந்நாளில் தபால்காரர் ஊதிய கொம்பு) படமுள்ள முத்திரை 1872 முதல் வருகிறது. ஒரே வடிவம்தான், நிறத்தையும் ஓரப் பற்களின் எண்ணிக்கையையும் பார்த்தே பிரிக்கவேண்டும்.

முத்திரையை உரிக்காதீர்கள், பின்புறத் தாளின் மெல்லிய படை கழன்றுவிடும். உறையில் சுற்றிவர அரை அங்குலம் விட்டு வெட்டி, குளிர்ந்த நீரில் 20 நிமிடம் மிதக்கவிடுங்கள். சிவப்பு உறைகளைத் தனிப் பாத்திரத்தில் போடுங்கள். சாயம் மற்றவற்றில் ஏறும். பின்புறப் பசை முழுதும் போகாவிட்டால் மாரிகால ஈரத்தில் அல்பத்தோடு ஒட்டிக்கொள்ளும். இன்றைய ஸ்டிக்கர் வகை பல தண்ணீரில் கழலாது; அவற்றை உறைத்துண்டோடு அளவாக வெட்டி வைப்பதே நல்லது. புதிய பிரித்தானிய முத்திரைகளில் பக்கத்திலுள்ள பார்கோட்டை வெட்டி எறியவேண்டாம், அதுவும் முத்திரையின் பகுதிதான்.

இப்படிக்கு,
முத்திரை சேகரிப்பாளர் சிலர்,
நல்லூர், யாழ்ப்பாணம்.