எங்கள் ஊர்ச் சங்கத்தின் 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை: கரையும் கயிறும் ஆமையும்

தலைவர் ஐயா, கிராம அலுவலர், மாதர் சங்கத்து அக்காமார், கடற்றொழிலாளர் சங்கத்தினர், சம்மாட்டிமார், அங்கத்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வழமையான வேலைகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். செப்ரெம்பரில் ஜனாதிபதித் தேர்தல், நவம்பரில் பாராளுமன்றத் தேர்தல், அது முடிந்த கையோடு வெள்ளம் என்று வந்ததால் வருடக் கடைசிக் கூட்டங்கள் ஒழுங்காக நடக்கவில்லை. வெள்ள நேரம் சமைத்த சாப்பாடு கொடுத்தது முழுக்க மாதர் சங்கம்தான். எங்கள் பங்கு விறகும் தேங்காயும் மட்டும். இதை இங்கே எழுதாவிட்டால் அக்காமார் என்னை விடமாட்டார்கள். சனசமூக நிலையத்துக் கூரை திருத்தியாயிற்று. மயானப் பாதைக்குக் கிரவல் போடும் வேலை பாதியில் நிற்கிறது. கணக்கைப் பொருளாளர் தம்பி தனியாக வாசிப்பார்.

இனி ஆமை விடயம். இந்த வருடம் கூடிய கூட்டங்களில் பாதிக்கு மேல் இதற்குத்தான் போனது. ஆகவே அறிக்கையும் அப்படித்தான் இருக்கும்.

தொடங்கியது மாசியில். விடியப்புறம் கரைக்குப் போனவர்கள் இரவில் யாரோ உழவு இயந்திரம் இறக்கியிருக்கிறார்கள் என்று பாடுக்காரச் சம்மாட்டியிடம் முறையிட்டார்கள் (கரையில் வலை வளைக்கும் இடம் பாடு, வலைக்குச் சொந்தக்காரர் சம்மாட்டி). அவர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாராம். தடம் கடலுக்குள் இருந்து மேலே வந்து, சவுக்கங்காட்டு ஓரத்தில் ஒரு வட்டம் அடித்து, திரும்பவும் கடலுக்குள்ளேயே போயிருந்தது. அகலம் ஒரு பெரிய டயர் தடத்துக்குக் குறையாது. பேராமை முன்துடுப்பு இரண்டையும் ஒன்றாகப் போட்டு உடம்பை இழுத்துத்தான் ஏறும். அதனால் தடத்தின் இரண்டு பக்கமும் ஒரே அளவாக விழும். வட்டம் அடித்த இடத்தில் மணல் குழம்பிக் கிடந்தது. முட்டை அதற்குக் கீழே.

இலங்கைக் கரைகளில் முட்டையிட வரும் கடலாமை ஐந்து இனம். பேராமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை, பங்குனி ஆமை என்று எங்கள் பெரியவர்கள் பெயர் சொல்லுவார்கள். ஐந்தும் வனசீவராசிகள் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. கொல்வது, பிடிப்பது மட்டுமல்ல, இறைச்சியோ முட்டையோ கையில் வைத்திருந்தாலே குற்றம். அந்தச் சட்டம் 1937இல் வந்தது, பிறகு பலமுறை திருத்தப்பட்டது. ஆனால் எங்கள் ஊரில் ஒரு தலைமுறைக்கு முன்பு ஆமை முட்டை சாப்பிடாத வீடு குறைவு என்பதையும் மறைக்கத் தேவையில்லை. கூட்டத்தில் ஒரு பாட்டி எழுந்து அதன் வெள்ளைக்கரு எவ்வளவு அவித்தாலும் இறுகாது என்று விளக்கம் கொடுக்க, கிராம அலுவலர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, சண்டைக்கு வருகிறேன்.

அந்த ஆமைக் கூட்டைச் சுற்றி இளைஞர் கழகத் தம்பிமார் நாலு சவுக்கங் கம்பு நட்டுப் பழைய கம்பாக் கயிற்றைக் கட்டினார்கள். நாய், உடும்பு, பன்றி மூன்றும் முட்டைக்கு வரும். கம்பியால் மணலைக் குத்திப் பார்க்கும் மனிதரும் வருவர். அதோடு விட்டிருந்தால் பிரச்சினை இல்லை. அடுத்தடுத்த கூடுகள் கண்டதும் ஒரு பக்கமாக நீளக் கயிறு இழுத்து, இரவில் யாரும் இறங்கக்கூடாது என்று மட்டையில் எழுதித் தொங்கவிட்டார்கள். அந்த இடம் கரைவலைப் பாடு, கரையில் நின்று இழுக்கும் பெருவலைக்கு உரிய இடம். பங்குனி பிறந்து கடல் அடங்கத் தொடங்கினால் வலை வளைக்க வேண்டிய இடம். சம்மாட்டி கேட்ட கேள்வி ஊரெல்லாம் பரவியது: “என்ர பாட்டில கயிறு கட்ட இவை ஆர்?”

ஞாயிறுகளில் வெளியூரிலிருந்து வருபவர்களும் சண்டை பிடித்தார்கள். கைத்தொலைபேசி வெளிச்சத்தை ஆமையின் முகத்துக்கு நேரே பிடித்துப் படம் எடுத்த ஒரு கூட்டத்தால், ஏறி வந்த ஆமை முட்டையிடாமல் திரும்பிப் போனதை மாதர் சங்கத்து அக்கா ஒருவர் நேரில் கண்டார். “காசு கட்டியா கடலைப் பாக்கிறனாங்கள், இது எல்லாருக்கும் பொதுக் கரை” என்று அவர்கள் சொன்னதும் உண்மை. பொதுக் கரைதான். யாருக்கும் எழுதிக் கொடுக்கப்படவில்லை, ஆமைக்கும் இல்லை.

ஒரு இரவு கயிறு அறுக்கப்பட்டது. அறுத்தது யார் என்று ஊருக்கே தெரியும். பெயரை அறிக்கையில் எழுதுவதில்லை என்று நிர்வாக சபை முடிவெடுத்தது. எனக்கும் அதில் உடன்பாடுதான், நாளைக்கு அவரோடுதான் கரையில் நிற்கவேண்டும்.

இந்தக் கட்டத்தில் அதிகாரி ஒருவர் வந்து பார்த்தார். நல்ல எண்ணத்தோடுதான் வந்தார். அந்த இடத்தை ஒதுக்கமாக அறிவித்துப் பலகை போட்டால் எல்லாருக்கும் தெளிவாக இருக்கும் என்றார். அதுவரை ஒருவரையொருவர் ஏசிக்கொண்டிருந்த சம்மாட்டியும் தம்பிமாரும் அந்த நிமிடம் ஒரே பக்கம் வந்து நின்றார்கள். “பலகை வந்தால் பின்னால கல் வரும்” என்றார் சம்மாட்டி. ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

வெளியில் இருந்து பார்ப்பவருக்கு இது முரட்டுப் பேச்சாகத் தெரியலாம். போருக்குப் பிறகு மீள்குடியேறிய காலத்தில் கடலில் இறங்கவே பாஸ் என்ற அனுமதிச் சீட்டைக் காட்டிய சனம் நாங்கள். 2017 ஜனவரியில் முல்லைத்தீவின் நந்திக்கடல் களப்பை இயற்கை ஒதுக்கமாக வர்த்தமானியில் போட்டபோது 4,000 ஹெக்டேயருக்கு மேல் ஒரே தாளில் போனது. இறால் கூடு வைத்தவனும் வயல் செய்தவனும் எல்லைக்கல் எங்கே விழும் என்று தேடித் திரிந்தார்கள். பறவையும் மீனும் வேண்டாம் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. எங்களைக் கேட்டுச் செய்யுங்கள் என்றுதான் சொன்னார்கள். ஆமையைக் காப்பாற்றக் கேட்டால் கரை போய்விடுமோ என்ற பயம் எங்களுக்குள் இருக்கும்வரை, எத்தனை விழிப்புணர்வுக் கூட்டம் வைத்தாலும் சனம் கைதட்டிவிட்டு வீட்டுக்குத்தான் போகும்.

சித்திரைப் பொதுக்கூட்டத்தில் இதைத் தீர்க்கவென்று கூடினோம். தற்செயலாக எங்கள் ஊர்த் தங்கச்சி ஒருவர், கலியாணம் முடித்துக் கலிபோர்னியாவில் இருப்பவர், விடுமுறைக்கு வந்திருந்தார். அவர் சொன்ன கதையைக் கொஞ்சம் விரிவாகவே பதிகிறேன்.

சான் டியாகோ நகரத்தில் லா ஹொய்யா என்ற கரையில் சிறுபிள்ளைகள் பயமில்லாமல் குளிக்க என்று ஒரு பணக்கார அம்மா, எலன் ஸ்கிரிப்ஸ் என்பவர், தன் காசில் வளைவாக ஒரு அலைச்சுவர் கட்டிக் கொடுத்தார். 1931இல் மாநிலம் அந்த இடத்தைப் பிள்ளைகளின் நீராடும் குளமாகவும் பூங்காவாகவும் பயன்படுத்தவேண்டும் என்று நகரத்தின் பொறுப்பில் எழுதிக் கொடுத்தது. சுவருக்குள் மணல் சேர்ந்தது. 1990களில் கடல்நாய்கள் அந்த மணலில் ஏறிப் படுக்கத் தொடங்கின, பிறகு அங்கேயே குட்டியும் போட்டன. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே கடல் பாலூட்டிகளைத் தொந்தரவு செய்வது குற்றம். குளிக்க வந்தவர்கள் இது பிள்ளைகளுக்கு எழுதிய இடம் என்றார்கள். மற்றவர்கள் கடல்நாயை எழுப்பாதே என்றார்கள். நகரம் கயிறு கட்டியது. வழக்குக்கு மேல் வழக்கு. 2005இல் ஒரு நீதிபதி மணலை அள்ளிக் குளத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொன்னார். 2009இல் மாநிலம் சட்டத்தையே திருத்தி, கடல் பாலூட்டிகளுக்கான பூங்காவாகவும் வைத்திருக்கலாம் என்று சேர்த்தது. 2014இல் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். குட்டி போடும் காலமான டிசம்பர் 15 முதல் மே 15 வரை மணலில் இறங்கத் தடை, மற்ற மாதங்களில் இறங்கலாம்.

“அங்கயும் கயிறுதானா?” என்று கேட்டார் சம்மாட்டி. கூட்டம் சிரித்தது. ஆனால் அதற்குப் பிறகு பேச்சின் போக்கே மாறியது. தம்பிமார் “பாத்தீங்களா, கடைசியில சீவனுக்குத்தான் இடம் கிடைச்சது” என்றார்கள். சம்மாட்டிமார் “ஏழு மாசம் சனத்துக்கு எல்லோ இருக்கு” என்றார்கள். எனக்குப் பட்டது வேறு. அங்கே நீதிமன்றத்துக்கும் வழக்கறிஞருக்கும் கொடுத்த வருடங்களுக்கு இரண்டு பக்கமும் ஒரு மேசையில் இருந்திருந்தால் அந்த மாதக் கணக்குக்கு முன்பே வந்திருக்கலாம். எங்களிடம் வழக்குப் பேசக் காசும் இல்லை, அந்த வகையில் கொடுத்து வைத்தவர்கள்.

குஞ்சு பொரிப்பகம் ஒன்று போடலாம் என்ற யோசனையும் அன்றைக்கு வந்தது. தெற்கே கொஸ்கொடைப் பக்கம் ரிக்கெற் போட்டுத் தொட்டியில் குஞ்சு காட்டுகிறார்கள், எங்களுக்கும் வருமானம் வரும் என்றார் ஒருவர். இதை நிர்வாக சபை ஏற்கவில்லை. முட்டையைக் கிளறி மாற்றுவதென்றால் இட்ட சில மணித்தியாலங்களுக்குள் மாற்றவேண்டும். பிந்தினால் உள்ளே கரு ஓட்டோடு ஒட்டிவிடும், புரண்டால் செத்துவிடும். மணல் சூட்டைப் பொறுத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதும் அமைகிறது. சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். பொரித்த குஞ்சு முதல் நாள் வேகத்தில்தான் கரையைத் தாண்டி ஆழத்துக்கு நீந்தும். அந்த வேகத்தைத் தொட்டிக்குள் சுற்றவிட்டுச் செலவழித்துவிட்டுக் கடலில் விட்டால் மீனுக்கு இரை. கூடு இருந்த இடத்திலேயே இருக்கட்டும், அலை அடிக்கும் இடத்தில் இட்டிருந்தால் மட்டும் உரிய அதிகாரிக்குச் சொல்லி அவர் சொற்படி செய்வோம் என்று முடிவாயிற்று. யோசனை சொன்ன அண்ணனுக்கு இன்னும் கோபம்.

கடைசியில் எட்டிய உடன்பாடு இது. நீளக் கயிறு இல்லை. ஒவ்வொரு கூட்டையும் சுற்றி மட்டும் சின்னச் சதுரக் கயிறு, குஞ்சு இறங்கியதும் அவிழ்க்கவேண்டும். கட்டுவதும் அவிழ்ப்பதும் பாடுக்காரச் சம்மாட்டியின் ஆளும் இளைஞர் கழகத்தின் ஆளும் சேர்ந்து. தை முதல் வைகாசி வரை இரவில் கரையில் நெருப்பு மூட்டக்கூடாது, மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது. பகலில் குளிப்பவருக்கும் பந்தடிப்பவருக்கும் தடை எதுவும் இல்லை. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயிலில் விளக்கெரிக்கக் கடல்நீர் எடுக்க வரும் நாளுக்கும் இது பொருந்தாது. இதை எழுதத் தேவையே இல்லை என்றார்கள், எழுதிவைப்பது நல்லது என்று நான் எழுதிவிட்டேன்.

தெருவிளக்கு தனி வழக்கு. கரைவீதிக்கு விளக்கு வேண்டும் என்று வருடக்கணக்காகப் பிரதேச சபைக்குக் கடிதம் எழுதியது இதே சங்கம். விளக்கு வந்தபிறகு அதை மறைக்கச் சொல்வதும் இதே சங்கம். குஞ்சு கிளம்புவது பெரும்பாலும் இரவில், வெளிச்சமாகத் தெரியும் பக்கம் பார்த்து ஓடும். இருட்டுக் கரையில் அந்த வெளிச்சம் கடற்பக்கம். வீதியில் விளக்கு எரிந்தால் வீதிக்கு ஏறி டயருக்குள் போகும். கம்பத்தில் ஏறி, கடற்பக்கம் மட்டும் மறைகிறமாதிரித் தகரம் வளைத்து மாட்டிய மின்வேலைத் தம்பி கூலி வாங்கவில்லை. வீதிப் பக்கம் வெளிச்சம் குறையவில்லை என்று இரவில் ரியூசன் விட்டு வரும் பிள்ளைகளின் தாய்மார் சொன்ன பிறகுதான் மற்றக் கம்பங்களுக்கும் மாட்டினோம்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். சில கூடுகள் பொரித்தன. ஒன்றை நாய் கிளறியது. ஒன்றில் முட்டை மணலோடு காணாமல் போனது, அது நாயின் வேலை இல்லை. பொரித்த ஒரு கூட்டில் குஞ்சுகள் சவுக்கங்காட்டு ஓரத்திலிருந்து இறங்கி வந்து உழவு இயந்திரச் சக்கரப் பள்ளத்துக்குள் விழுந்தன. ஏற முடியாமல் அந்தப் பள்ளத்தோடே பக்கவாட்டில் ஓடின. விடிந்திருந்தால் காகம் முடித்திருக்கும். சம்மாட்டியின் ஆட்கள்தான் மண்வெட்டியால் பள்ளத்தின் கடற்பக்க விளிம்பை இடித்துச் சரிவாக்கி விட்டார்கள்.

அங்கேதான் தீராத பிரச்சினையும் இருக்கிறது. கரைவலையை இப்போது ஆள் வைத்து இழுக்க ஆள் இல்லை, உழவு இயந்திரம்தான் இழுக்கிறது. அதை ஒரேயடியாக நிறுத்தச் சொல்வது நியாயம் இல்லை. அந்த வலையில் கூலிக்கு நிற்கும் குடும்பங்களும் இந்தச் சங்கத்து அங்கத்தவர்கள்தான். ஆனால் கண்ட கண்ட இடத்தில் இறக்காமல் ஒரே பாதையால் இறக்கலாம், மாலையில் பள்ளத்தை நிரவி விடலாம். ஒரு சம்மாட்டி சம்மதித்துச் செய்கிறார். மற்றவர் டீசலுக்கு யார் தருவது என்கிறார். வலையில் சிக்கிய ஆமையை அறுத்து விட்டால் அறுந்த வலைக்கு யார் தருவது என்பதும் அவர் கேள்விதான். அதற்கும் எங்களிடம் பதில் இல்லை. நட்டஈடு பற்றி ஓரிடத்துக்கு இரண்டு கடிதம் அனுப்பினோம். இன்றுவரை கிடைத்ததென்ற துண்டுகூட வரவில்லை.

செத்து ஒதுங்கும் ஆமையைப் பற்றியும் ஒரு சொல். 2021இல் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்த பிறகு நாட்டின் கரைகளில் ஆமைகள் செத்து ஒதுங்கின. அப்போதே எங்கள் பக்கத்துத் தொழிலாளிகள் கண்டும் காணாததுபோல் போனார்கள். தொட்டால் நீதான் கொன்றாய் என்று வழக்கு வரும் என்ற பயம். இனி கண்டால் முதலில் கிராம அலுவலருக்குச் சொல்லவும், சொன்னவரின் பெயர் வெளியே வராது என்று அவர் இந்தச் சபையில் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

இன்றைய கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டியவை இரண்டு. உழவு இயந்திரம் இறங்கும் பாதையைப் பழைய மீன்வாடிக்குப் பக்கத்தில் ஒன்றாக்குவதா, டீசலுக்குச் சங்க நிதியிலிருந்து ஒரு தொகை கொடுப்பதா என்பது ஒன்று. இளைஞர் கழகத்து இரவுக் காவலுக்கு ரோர்ச்லைட் வாங்குவது மற்றது. சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டியதாக இருக்கவேண்டும், வெள்ளை வெளிச்சம் கூடாது. முதலாவதற்குக் கை தூக்கும்போது கரைவலைக்காரரும் தூக்கலாமா என்று ஏற்கெனவே ஒருவர் என்னிடம் கேட்டுவிட்டார். தூக்கலாம், அங்கத்துவப் பணம் கட்டியிருந்தால். கட்டாதவர்கள் பொருளாளர் கணக்கு வாசித்து முடிப்பதற்குள் கட்டிவிடுங்கள்.

செயலாளர்