பிபிசி சிங்கர்ஸ்: கடிதம் அனுப்புவதை நிறுத்த வேண்டாம் (2023 மார்ச் இறுதியில் எழுதியது)

லண்டன் நண்பர்களுக்கு வணக்கம். பிபிசியின் பாடகர் குழுவான பிபிசி சிங்கர்ஸைக் கலைக்கப் போவதாக 2023 மார்ச் 7 அன்று பிபிசி அறிவித்தது; அதை 24-ஆம் தேதி தள்ளி வைத்திருக்கிறார்கள். தள்ளித்தான் வைத்திருக்கிறார்கள், கைவிடவில்லை. 1924-இல் தொடங்கிய குழு, இருப்பது இருபதே பாடகர்கள், 2024-இல் நூற்றாண்டு. இதைப் போயா வெட்டுவது?

பிபிசிக்குப் பணம் தரும் டிவி லைசென்ஸுக்கு இப்போது, 2023-இல், வருடம் 159 பவுண்டு கட்டுகிறோம். புதன்கிழமை சாயங்காலம் அடுப்படி ரேடியோவில் அந்தக் கூட்டுக்குரல் எழும்பும்போது கரண்டியை அப்படியே வைத்துவிட்டு நின்றுவிடுவேன். அந்தக் கட்டணம் இதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

பிபிசியின் மூன்று ஆர்க்கெஸ்ட்ராக்களில் ஐந்தில் ஒரு பங்கு வேலைகளைக் குறைக்கும் திட்டத்தையும் மறக்காதீர்கள். உங்கள் தொகுதி எம்.பி.க்கு இந்த வாரமே எழுதுங்கள். நீங்கள் கேட்டு மனம் நிறைந்த ஒரு கச்சேரியைக் கட்டாயம் சொல்லுங்கள். அப்புறம், அனுப்பியதும் இங்கே ஒரு வரி போடுங்கள்.