எங்கள் கிணற்றுத் தண்ணீரின் பெறுபேறு எங்கே?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பல்கலைக்கழகமொன்றின் புவியியல், புவிச்சரிதவியல் மாணவர்கள் வன்னிக்கு வெளிக்கள ஆய்வுக்கு வந்துபோன செய்தியை உங்கள் பத்திரிகையில் படித்தேன். உயர்தர வகுப்புக்கு முப்பது வருடம் புவியியல் படிப்பித்தவள் நான். பிள்ளைகள் சுத்தியலும் கையுமாகப் பாறையில் ஏறி நிற்கும் படத்தைப் பார்க்கவே மனம் நிறைந்தது. ஆனால் அந்தச் செய்தியில் இல்லாத ஒன்றைச் சொல்லவேண்டும்.

வன்னியைத் தேடி அவர்கள் வருவது நியாயம்தான். வடக்கே பரந்தன் பக்கம் நிலத்துக்குக் கீழே சுண்ணக்கல். அது சுமார் இரண்டு கோடி வருடத்துக்கு முன் கடலடியில் படிந்தது. நெடுங்கேணி, வவுனியா என்று தெற்கே வந்தால் அதைவிடப் பல மடங்கு பழைய கருங்கல். இலங்கையின் ஆதிப் பாறைகளை வகுத்தவர்கள் ஒரு பெரும் பிரிவுக்கு ‘வன்னித் தொகுதி’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இரணைமடுவின் செம்மண்ணும் கிறவலும்கூட ‘இரணைமடுப் படிவு’ என்று ஆய்வுகளில் இடம்பிடித்திருக்கின்றன. எங்கள் ஊர்ப்பெயர்கள் உலகத்து ஆய்விதழ்களில் இருக்கின்றன. எங்கள் கிணற்றைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு தாள்கூட இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் எங்கள் வளவுக்கும் வந்தார்கள். ஒரு பிள்ளை வாளியால் அள்ளிய தண்ணீரில் போத்தலை மூன்றுதரம் அலசி ஊற்றினாள். பிறகு கழுத்துமட்டும் நிரப்பி, மூடியை இறுக்கி, வெள்ளை ஒட்டுத்தாளில் 14 என்று எழுதினாள். “அம்மம்மா, குடிக்கிறது இந்தத் தண்ணியா, குழாய்க்கிணத்துத் தண்ணியா?” என்று கேட்டாள். இரண்டும்தான் என்றேன். இரண்டிலும் எடுத்தாள். என்ன பொறுப்பான பிள்ளை! என் பழைய மாணவிகளைப் பார்ப்பதுபோல இருந்தது. பெறுபேறு வந்ததும் அனுப்புவதாகச் சொல்லிப் போனார்கள். இன்னும் வரவில்லை.

இது ஏன் எனக்கு இவ்வளவு பெரிதாகப் படுகிறது என்றால், என் பேத்திக்குப் பால்பல் விழுந்து முளைத்த முன்பற்கள் இரண்டிலும் மண்ணிற வரி. பல் வைத்தியர் பார்த்த உடனேயே, தண்ணீரில் புளோரைட்டு என்ற உப்பு கூடினால் இப்படித்தான் வரும் என்றார். கருங்கல்லில் இருக்கும் காக்காப்பொன் போன்ற கனிமங்களிலிருந்து அது தண்ணீரில் கரைகிறது. பாறை வெடிப்புகளில் நெடுநாள் தங்கிய தண்ணீரில் கூடுதலாக இருக்கும். அதனால்தான் ஆழமான குழாய்க்கிணறுகளில் சந்தேகம் அதிகம். இலங்கைத் தர நிர்ணயப்படி குடிநீரில் லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று எங்கள் சனம் நம்புகிறது. கொதிக்கவைத்தால் புளோரைட்டு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளிலேயே அளவு வேறுபடலாம். எந்தக் கிணறு நல்லது என்று தெரிந்தால், பிள்ளைகளுக்குக் குடிக்க அதில் அள்ளலாமே! வசதியுள்ளவர்கள் இயந்திரத்தில் வடிகட்டிச் சுத்திகரித்த ஆர்.ஓ. தண்ணீரைக் காசுக்கு வாங்குகிறார்கள். மற்றவர்கள் என்ன செய்வது?

காரணம் தெரியாத சிறுநீரக நோயும் வவுனியாவில் இருக்கிறது. அதற்கும் தண்ணீருக்கும் என்ன தொடர்பென்று விஞ்ஞானிகளே இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள், நான் அதில் வாய் வைக்கவில்லை. ஆனால் தேடுவதற்கு எடுத்த தண்ணீர் எங்களுடையது.

பல்கலைக்கழகத் துறைகளிடம் நான் கேட்பது பெரிய செலவில்லை. கட்டுரை எழுதி முடிய வருடங்கள் போகலாம், சரி. கிணற்றுக்காரருக்கு ஒரு தாள், தமிழில்: புளோரைட்டு இவ்வளவு, உவர் இவ்வளவு, குடிக்கலாம் அல்லது குடிக்கவேண்டாம். எங்கள் முகவரி தெரியாவிட்டால் கிராம அலுவலரிடம் கொடுக்கலாம், பள்ளிக்கூட அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. தூரம் என்று சொல்ல இனி இடமில்லை. மாணவர்களுக்குப் புள்ளி போடும்போது, பெறுபேற்றை ஊருக்குக் கொண்டுபோய்ச் சொன்னார்களா என்பதையும் பேராசிரியர்கள் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

அந்தப் பிள்ளை இதைப் படித்தால்: கட்டுக்கிணறு 14, குழாய்க்கிணறு 15. பேத்திக்குத் தம்பி பிறந்திருக்கிறான், அடுத்த மாதம் சோறு தீத்துகிறோம். அவனுக்கு எந்தத் தண்ணீரைக் கொடுக்க என்று சொல்லிவிடு, மகள்.

ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
நெடுங்கேணி