ஞாயிறு வாசிப்புக் கூட்டம்: ஜான் கிரீன் நாவல்

அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு மாலை 5 மணிக்குக் குழு அழைப்பில் ஜான் கிரீனின் 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்' (2012) பற்றிப் பேசுகிறோம்.

எனக்கு மிகவும் பிடித்தது கதையைச் சொல்லும் நாயகி ஹேசலின் குரல். 16 வயது, புற்றுநோய், எப்போதும் கூடவே ஆக்சிஜன் சிலிண்டர். ஆனாலும் யாரிடமும் பரிதாபம் கேட்காத பெண். அவள் காதலன் அகஸ்டஸ்தான் சில இடங்களில் வயதுக்கு மீறி வசனம் பேசுகிறான். ஆம்ஸ்டர்டாம் பயணம் வரும்போது அந்தக் குறையும் மறந்துபோகிறது.

1. முழுவதும் படித்துவிட்டு வாருங்கள். 2014இல் வந்த படம் மட்டும் போதாது, ஹேசலின் மனவோட்டம் புத்தகத்தில்தான் முழுதாக இருக்கிறது.
2. முடிவை இங்கே எழுத வேண்டாம், சிலர் இன்னும் படிக்கிறார்கள்.
3. பிடித்த பத்தி ஒன்று, பிடிக்காதது ஒன்று குறித்து வையுங்கள்.
4. வருகிறீர்களா என்று வெள்ளிக்குள் பதில் போடுங்கள்.