ஈர்க்கால் பிரித்த சங்கீதம்

கர்த்தருக்குள் பிரியமான மகனுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இங்கே அம்மாவும் நானும் சுகம். மருமகளும் பேரனும் போன வாரம் வந்து இரண்டு நாள் தங்கிப் போனார்கள். பேரன் மாடிப்படியில் விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டதைத் தவிர விசேஷம் ஒன்றுமில்லை. மேலத்தெருத் தம்பி விடுப்பு முடிந்து வியாழக்கிழமை மஸ்கட்டுக்குத் திரும்புகிறான் என்று கேள்விப்பட்டதும், தொலைபேசியில் சொல்ல வராததையெல்லாம் எழுதி அவன் கையில் கொடுத்தனுப்பலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் என் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து, புது வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுத்தபோது, உன் பெயருக்கு நான் எடுத்த அட்டையில் எரேமியா 29:11 வந்தது. "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்பதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு மாதமாகச் சம்பளம் இல்லாமல் இருக்கிற பிள்ளையிடம் ஆண்டவர் நேரடியாகப் பேசிவிட்டார் என்று எண்ணி, ஆலய வாசலில் நின்றபடியே அதைப் படமெடுத்து உனக்கு அனுப்பினேன். நீ பதில் போடவில்லை. அதே வசனத்தைப் புத்தாண்டு அன்று ஏழு பேர் உனக்கு அனுப்பியிருந்தார்கள் என்பதே போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போதுதான் எனக்குத் தெரிந்தது. "வேதப்புத்தகத்தைத் திறந்தால் எழுத்து எழுத்தாகத்தான் தெரிகிறது அப்பா, ஜெபிக்க உட்கார்ந்தால் வாய் வரவில்லை" என்று நீ சொன்னாய். நானோ கொஞ்சமும் யோசிக்காமல், அடுத்த மாதம் எல்லாம் சரியாகிவிடும், விசுவாசத்தை விட்டுவிடாதே என்றேன். "சரி அப்பா" என்று வைத்துவிட்டாய். அந்தச் "சரி அப்பா"வை எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பில் கணக்குப் பரீட்சை எழுதிவிட்டு வந்த அன்றும் அப்படித்தான் சொன்னாய்.

அன்று இரவு தூக்கம் பிடிக்காமல் எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்தை எடுத்து 28, 29 இரண்டு அதிகாரங்களையும் முழுதாக வாசித்தேன். எத்தனையோ வருஷமாக அந்த ஒரு வசனத்தை மனப்பாடமாகச் சொல்லிவருகிறவன் நான். ஆனால் அது ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிற வரி என்பதை அன்றுதான் உறைக்க வாசித்தேன். கி.மு. 597இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு, ஊரில் இருந்துகொண்டு எரேமியா எழுதிய கடிதம் அது. அங்கே போகிறவர்கள் கையில்தான் அதையும் கொடுத்தனுப்பினார். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவன் எழுந்து, இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாக அறிவிக்கிறான். எரேமியாவும் "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறார். அவருக்கும் அந்த ஆசை இல்லாமலா இருந்திருக்கும்! ஆனாலும் கடிதத்தில் அவர் எழுதியனுப்பியது எழுபது வருஷம் என்று. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக விண்ணப்பம்பண்ணுங்கள் என்று சொல்லி, எழுபது வருஷம் நிறைவேறினபின்பு என்று பத்தாம் வசனத்தில் சொன்ன பிறகுதான் பதினோராம் வசனம் வருகிறது. அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்களில் அனேகர் ஊர் திரும்பியிருக்க வழியில்லை. அட்டை அச்சடிக்கிறவர்கள் பதினொன்றை மட்டும் அச்சடிக்கிறார்கள். பத்தையும் சேர்த்து அச்சடித்தால் யார் எடுப்பார்கள்?

"அடுத்த மாதம் சரியாகிவிடும்" என்று உன்னிடம் சொன்னபோது நான் அனனியாவின் வேலையைத்தான் செய்திருக்கிறேன். அதற்காக நீ எழுபது வருஷம் காத்திருக்க வேண்டும் என்று எழுத வரவில்லை. அந்த வாக்குத்தத்தம் மெய்யானது என்றே இன்றும் நம்புகிறேன். ஆனால் எப்போது என்று தெரியாமல் இருக்கிறவனுக்கு நாள் குறித்துக் கொடுக்கிற உரிமை எனக்கு இல்லை. இந்த வயதில் அதைக் கற்றுக்கொண்டேன், மன்னித்துக்கொள்.

வாய் வரவில்லை என்றாயே, அதைப் பற்றி உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நீ அங்கிருந்து செய்தியில்தான் பார்த்தாய். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பெய்தது என்று பிறகு சொன்னார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே பயணிகளோடு மாட்டிக்கொண்டு நின்றது. தாமிரபரணியும் உடைந்த குளங்களும் சேர்ந்து வந்த தண்ணீர் நம் வீட்டுக்குள் இடுப்பளவுக்கு ஏறியபோது, அம்மாவைக் கைத்தாங்கலாக அடுத்த வீட்டு மொட்டைமாடிக்கு ஏற்றிவிட்டு, அங்கேயே இரண்டு இரவு இருந்தோம். நாங்கள் ஜெபித்துக்கொண்டே இருந்தோம் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா? ஜெபித்தது அம்மா. நான் ஜெபிக்கவில்லை. கறுப்புத் தண்ணீரில் நம் மர நாற்காலி மெதுவாகச் சுற்றிக்கொண்டே வாசலைத் தாண்டித் தெருவில் போனதைப் பார்த்துக்கொண்டு, "ஆண்டவரே" என்ற ஒரு சொல்லுக்குமேல் வராமல், அதுவும் கூப்பிடுகிற தொனியிலா திட்டுகிற தொனியிலா என்று எனக்கே தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். சபையில் முப்பது வருஷம் வேதபாடம் வாசித்தவனின் நிலைமை அது.

தண்ணீர் வடிந்து வீட்டுக்குள் போனபோது, அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த தாத்தாவின் வேதப்புத்தகம் ஊறி, இரண்டு மடங்கு பருத்துக் கிடந்தது. தூக்கிப் போட அம்மா விடவில்லை. மாடியில் சாக்கை விரித்து வெயிலில் வைத்து, ஒட்டிக்கொண்ட தாள்களைக் கிழியாமல் பிரிக்க விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவிச் சீவிக்கொண்டு, ஒவ்வொரு தாளாகப் பிரித்து இடையில் செய்தித்தாளைச் செருகினேன். கிறிஸ்துமஸ் வரைக்கும் அதுதான் எனக்கு வேலை. புத்தகத்தின் ஓரங்கள்தான் முதலில் காயும். நடு கடைசியில் காயும். நடுவில் இருப்பது ஜெபப் பாட்டுகளின் தொகுப்பாகிய சங்கீதம். அறுபதிலிருந்து தொண்ணூறு வரைக்கும் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் ஈர்க்கின்மேல் பிரிந்து வந்த பக்கத்தில் 69ஆம் சங்கீதம் இப்படித் தொடங்கியது: "தேவனே, என்னை இரட்சியும், வெள்ளங்கள் என் ஆத்துமாமட்டும் பெருகிவருகிறது. ஆழமான உளையில் அமிழ்ந்திருக்கிறேன், நிற்க நிலையில்லை."

உளை என்றால் சேறு. நிலையில்லை என்ற சொல்லைப் பார். ஆற்றில் குளிக்கிறவன் சொல்லுகிற சொல் அது. கால் தரையில் பாவுகிற ஆழத்துக்கு நாம் நிலை என்கிறோம், பாவாவிட்டால் நிலையில்லை என்று கரையைப் பார்த்துச் சத்தம் போடுகிறோம். காலில் சேறு காய்ந்து வெடித்திருந்த நிலையில் நான் அதை வாசித்தேன். அடுத்த வசனம் இன்னும் மோசம்: "நான் கூப்பிடுகிறதினால் இளைத்தேன், என் தொண்டை வறண்டுபோயிற்று, என் தேவனுக்கு நான் காத்திருக்கையால், என் கண்கள் பூத்துப்போயிற்று." தாத்தா சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு வாசிக்கிறவர் என்று உனக்குத் தெரியும். 23இலும் 91இலும் 121இலும் கோடு இல்லாத வரியே இல்லை. 69இலும் 88இலும் ஒரு கோடுகூட இல்லை. நானும் குடும்ப ஜெபத்தில் அவைகளைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். பிள்ளைகளுக்கு எதற்கு இந்தப் புலம்பல் என்று. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படிப்பட்ட முறையீடுகள்தாம். அதில் 88ஆம் சங்கீதம் ஆறுதலாக ஒரு வார்த்தைகூட இல்லாமல், "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று முடிந்துபோகிறது. அதையும் ஜெபம் என்றுதான் வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். சிலுவையில் ஆண்டவருக்கே வாயில் வந்தது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி அல்லவா?

நான் தாலுகா அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் மனு வாங்கினவன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையினர், வாசலில் உட்கார்ந்து எழுதிக்கொடுக்கிறவரிடம் அழகாக எழுதி வாங்கிக்கொண்டு வந்து, பணிவாக நீட்டிவிட்டுப் போவார்கள். இன்னொரு வகையினர் மேஜையைத் தட்டி, எத்தனை தரம் வருவது, உங்களுக்குக் கண் இல்லையா என்று கத்துவார்கள். பணிக்குச் சேர்ந்த புதிதில் கத்துகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சலாக வரும். பிறகுதான் விளங்கியது, இந்த அலுவலகம் கேட்கும் என்று இன்னும் நம்புகிறவன்தான் வந்து கத்துகிறான். நம்பிக்கை போனவன் வீட்டிலேயே இருந்துவிடுகிறான். நம் வேதத்தில் ஜெபத்துக்கும் விண்ணப்பம் என்றுதான் பெயர், அலுவலகத்தில் கொடுக்கிறதற்கும் விண்ணப்பம் என்றுதான் பெயர். உனக்கு அழகாக எழுதிய மனு வராவிட்டால் போகட்டும், போய் மேஜையைத் தட்டு. அந்த 69ஆம் சங்கீதத்தின் நடுவில் தன்னைக் கெடுத்தவர்கள்மேல் சங்கீதக்காரன் விடுகிற சாபத்தையும் விடாமல் வாசி. உங்கள் முதலாளியின் முகம் நினைவுக்கு வந்தால் வரட்டும். மனதிலேயே வைத்துக்கொண்டு அவன் முன்னால் போய் நிற்பதைவிட அது மேல்.

அதே சங்கீதத்தில், "நான் எடுத்துக்கொள்ளாததை நான் கொடுக்கவேண்டியதாயிற்று" என்று ஒரு வரி இருக்கிறது. உன்கீழ் வேலை செய்த பதினொரு பேருடைய மளிகைக் கணக்கை உன் பெயரில் ஏற்றுக்கொண்டதையும், அதனால் கடைக்காரர் முகத்தில் விழிக்கக் கூச்சப்பட்டு வேறு தெரு வழியாகப் போவதையும் மருமகள் சொன்னாள். நீ சொல்லவில்லை என்று வருத்தமில்லை. இங்கே ஒரு சேதி சொல்கிறேன்: நம் தமிழ் வேதாகமத்துக்குப் பெரிய அளவில் உருக்கொடுத்தவர், 18ஆம் நூற்றாண்டில் சென்னை வேப்பேரியில் ஊழியம் செய்த பப்ரிசியஸ் ஐயர். அவருடைய மொழிபெயர்ப்பின்மேல் எழும்பியதுதான் 1871இல் வெளிவந்த, நாம் இன்றும் ஆலயத்தில் வாசிக்கிற பதிப்பு. அவர் பணக் கொடுக்கல் வாங்கலில் சிக்கி, முதுமையில் கடனாளியாகச் சிறையில் இருந்தார், 1791இல் இறந்தார். அவருக்குப் பண விஷயத்தில் சாமர்த்தியம் போதாது என்று சொல்லுகிறவர்கள் சொல்லட்டும். "நிற்க நிலையில்லை" என்பதைத் தமிழில் சொல்ல வழிகாட்டிய தலைமுறையில், கடன் என்றால் என்னவென்று அறிந்த மனிதர் ஒருவர் இருந்திருக்கிறார் என்பது எனக்கு என்னவோ ஆறுதலாக இருக்கிறது.

இனி காரியத்துக்கு வருகிறேன். எரேமியா வீடு கட்டச் சொன்னதும் ஜெபிக்கச் சொன்னதும் ஒரே கடிதத்தில்தான்; ஆகவே நானும் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். இந்தியத் தூதரகத்தில் தொழிலாளர் குறை கேட்கும் நாளில் நீயும் அந்தப் பதினொரு பேரும் சேர்ந்து போய் மனுக் கொடுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் மதத் (MADAD) என்ற குறைதீர்ப்பு இணையதளத்திலும் பதிவு செய்து, பதிவு எண்ணை எனக்கு அனுப்பு. சம்பளச் சீட்டு, ஒப்பந்தம், வங்கிக் கணக்கு விவரம் மூன்றுக்கும் நகல் வைத்துக்கொள். தேதி இல்லாத மனுவை எந்த அலுவலகமும் தேடி எடுக்காது, இது என் தொழில் ரகசியம். மளிகைக் கடைக்காரரிடம் நீயே போய், இப்போது இவ்வளவுதான் முடியும் என்று ஒரு சிறு தொகையையாவது கொடுத்துப் பேசிவிடு. இதற்கென்று அம்மா தன் சீட்டுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்த தொகையைத் தம்பி கையில் தனியே கொடுத்திருக்கிறேன். வேண்டாம் என்று திருப்பி அனுப்பி அவளை அழவைக்காதே.

ஜெபத்துக்கு ஒரே ஏற்பாடுதான். இங்கே இரவு ஒன்பது மணி ஆகும்போது உனக்கு ஏழரை. நாங்கள் குடும்ப ஜெபத்துக்கு உட்காருகிற அந்த நேரத்தில், 69ஆம் சங்கீதத்தில் முதல் மூன்று வசனங்களை மட்டும் நீயும் வாசி. ஆமென்கூடச் சொல்ல வேண்டாம். அதுவும் வராத நாளில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இரு. உன் பங்கையும் சேர்த்து நான் சத்தமாக வாசித்துவிடுகிறேன். உன் குரலுக்கும் என் குரலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று அம்மா எப்போதும் சொல்வாள்.

தாத்தாவின் வேதப்புத்தகம் இன்னும் சரியாக மூடவில்லை. தாள்கள் அலை அலையாக நெளிந்து நிற்கின்றன. மேலே அம்மிக்குழவியை வைத்திருக்கிறோம், எடுத்தால் மறுபடியும் சங்கீதத்தில்தான் திறந்துகொள்கிறது. எலுமிச்சை ஊறுகாயும் கருப்பட்டியும் தம்பி கையில் கொடுத்திருக்கிறோம். கருப்பட்டியை எறும்பு ஏறாமல் பார்த்துக்கொள். வெள்ளிக்கிழமை கிடைத்ததும் ஒரு வார்த்தை சொல்.

இப்படிக்கு,
அன்பு அப்பா